ஜஸ்ட்-இன்-டைம் கால்-ஆஃப் சிக்கல்கள்: சப்ளையர் மென்பொருளில் அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

கார் ஆலைக்கு சீட், பம்பர், ஒயரிங் ஹார்னஸ் போன்றவற்றை மணிக்கணக்குப் பார்த்து அனுப்பும் சப்ளையரிடம் மென்பொருள் கோளாறு வந்தால், அதை முதலில் பார்ப்பவர் பெரும்பாலும் டிஸ்பாட்சில் நிற்பவர்தான். "லிஸ்ட் வரலை", "அளவு தப்பா காட்டுது", "நடுவுல ஒரு நம்பர் காணோம்" என்று அவர் போன் செய்வார். அந்த வார்த்தைகளை வைத்துத்தான் கீழே உள்ள பகுதிகளைப் பிரித்திருக்கிறேன்.

முதலில் மெசேஜ் வரும் பாதையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஆலையின் சிஸ்டத்தில் கால்-ஆஃப், அதாவது இந்தப் பாகம் இத்தனை இந்த நேரத்துக்கு வேண்டும் என்று கேட்கும் மெசேஜ், உருவாகிறது. ஓஎஃப்டிபி2 அல்லது ஏஎஸ்2 என்னும் கோப்புப் பரிமாற்ற முறை வழியாக உங்கள் சர்வருக்கு வருகிறது. கன்வர்ட்டர் அதைப் பிரித்து, ஆர்டர், இருப்பு, டெலிவரி எல்லாவற்றையும் நடத்தும் ஈஆர்பி மென்பொருளுக்குப் புரியும் வடிவத்துக்கு மாற்றுகிறது. ஈஆர்பி அதை ஷெட்யூலில் பதிகிறது. அங்கிருந்து பிக்கிங் லிஸ்ட், லேபிள், லாரி. லாரி கிளம்பியதும் ஏஎஸ்என் என்னும் முன்னறிவிப்பு மெசேஜ் ஆலைக்குத் திரும்பிப் போகிறது. எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் தேட வேண்டிய விடை ஒன்றுதான்: மெசேஜ் முழுசாகக் கடைசியாகத் தென்பட்டது எந்த இடத்தில்? அந்த இடம் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. தெரியாமல் ஈஆர்பியில் அளவைக் கையால் திருத்த ஆரம்பித்தால் இரண்டாவது கோளாறு ஒன்றும் சேர்ந்துகொள்ளும்.

இன்னொன்று. காரணம் தேட உட்காருவதற்கு முன் அடுத்த லாரிக்கு என்ன ஏற்ற வேண்டும் என்று ஆலையின் பொருள் திட்டப் பிரிவைக் கேட்டு எழுத்தில் வாங்கிவிடுங்கள். லைன் ஓட வேண்டும், கோளாறு அரை மணி நேரம் காத்திருக்கும்.

"எதுவுமே வரலை"

முதலில் இந்த மௌனம் உண்மையானதா என்று பாருங்கள். ஆலைக்கு விடுமுறையாக இருக்கலாம், ஷிஃப்ட் மாறியிருக்கலாம், மாடல் மாற்றத்துக்காக லைன் நின்றிருக்கலாம். வழக்கமாக எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை மெசேஜ் வரும் என்பது பதிவில் இருக்கும். கடைசியாக வந்த நேரத்தோடு ஒப்பிட்டால் உடனே தெரியும்.

மௌனம் உண்மை என்றால் இப்படிப் போங்கள்:

1. ஆலையின் ஈடிஐ (கணினிக்குக் கணினி ஆவணப் பரிமாற்றம்) குழுவிடம் ஒரே கேள்வி: "உங்களுக்கு ஈஇஆர்பி கிடைத்ததா?" ஓஎஃப்டிபியில் கோப்பு சேர்ந்துவிட்டது என்று பெறுபவர் திருப்பி அனுப்பும் உறுதிச்சீட்டு அது. அவர்களுக்கு அது கிடைத்திருந்தால் கோப்பு உங்கள் பக்கம் வந்துவிட்டது, தேடல் உங்கள் சர்வருக்குள்தான். கிடைக்கவில்லை என்றால் பாதையில் பிரச்சினை. ஏஎஸ்2 பயன்படுத்துபவர்களுக்கு எம்டிஎன் இதே வேலையைச் செய்கிறது.

2. பாதையில் பிரச்சினை என்றால் முதலில் இணைப்பைப் பாதுகாக்கும் டிஜிட்டல் சான்றிதழின் காலாவதித் தேதி. என் அனுபவத்தில், நேற்று வரை ஓடிய இணைப்பு இன்று திடீரென நிற்பதற்கு மிக அதிகமான காரணம் இதுதான். அப்புறம் ஃபயர்வால். டிஎல்எஸ் குறியாக்கத்தோடு போகும் ஓஎஃப்டிபி2 வழக்கமாக 6619-ஆம் போர்ட்டைப் பயன்படுத்தும், குறியாக்கம் இல்லாத பழைய டிசிபி வழி 3305. ஐபி முகவரி மாறியதை ஏதாவது ஒரு பக்கம் சொல்லாமல் விட்டிருந்தாலும் இணைப்பு நின்றுவிடும்.

3. கோப்பு உங்கள் பக்கம் வந்துவிட்டது என்றால் டிஸ்கில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இதைச் சின்ன விஷயம் என்று ஒதுக்காதீர்கள். 2023 ஆகஸ்ட் 29 அன்று டொயோட்டா ஜப்பானில் தன் 14 அசெம்பிளி ஆலைகளையும் நிறுத்தியது. ஆகஸ்ட் 27 அன்று நடந்த பராமரிப்பில் டேட்டாபேஸைச் சுத்தம் செய்யும்போது டிஸ்க் இடம் போதாமல் பாகங்கள் ஆர்டர் செய்யும் சர்வர்கள் நின்றதுதான் காரணம் என்று அந்த நிறுவனமே பின்னர் அறிவித்தது. மாற்று சர்வரும் அதே சிஸ்டத்தில் ஓடியதால் அதற்கும் அதே கதி. அதிகக் கொள்ளளவுள்ள சர்வருக்குத் தரவை மாற்றிய பிறகுதான் வேலை தொடங்கியது. உங்கள் மாற்று சர்வரும் முதல் சர்வரும் ஒரே ஸ்டோரேஜைப் பகிர்கின்றனவா என்பதை இன்றே பார்த்து வையுங்கள்.

மௌனத்துக்கு அலாரம் வைத்திருப்பவர்கள் குறைவு. பிழை வந்தால் மின்னஞ்சல் போகும்படி எல்லோரும் அமைத்திருப்பார்கள். ஆனால் மெசேஜே வராதபோது பிழையும் வராது. "இத்தனை நிமிடமாக இந்த ஆலையிலிருந்து எதுவும் வரவில்லை" என்று கத்தும் கண்காணிப்பு தனியாக வேண்டும். ஆலை வேலை செய்யும் நேரத்தை அதற்குக் கற்றுக்கொடுங்கள், இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமையும் கத்தும், திங்கட்கிழமை யாரும் அதை மதிக்க மாட்டார்கள்.

"கோப்பு வந்திருக்கு, ஆனா ஷெட்யூலில் ஏறலை"

இங்கே கன்வர்ட்டரும் ஈஆர்பியும்தான் சந்தேகத்துக்கு உரியவை.

கன்வர்ட்டரில் நின்றிருந்தால் கோப்பையே திறந்து பாருங்கள். எடிஃபாக்ட் என்னும் மெசேஜ் வடிவத்தில் ஒற்றை மேற்கோள் குறி செக்மென்ட்டின், அதாவது மெசேஜின் ஒரு தகவல் துண்டின், முடிவைக் குறிக்கும். பாகத்தின் விவரணையில் யாரோ அந்தக் குறியைப் போட்டு, அதற்கு முன்னால் கேள்விக்குறி சேர்க்காமல் விட்டிருந்தால், மெசேஜ் அங்கேயே துண்டாகிவிடும். மெசேஜின் கடைசியில் வரும் யுஎன்டி செக்மென்ட்டில் உள்ள எண்ணிக்கை உண்மையான செக்மென்ட் எண்ணிக்கையோடு ஒத்துப்போகாவிட்டால் நல்ல கன்வர்ட்டர் அதை நிராகரிக்கும். ஜெர்மன் கார்த் துறையின் பழைய விடிஏ 4905 வடிவம் வேறு மாதிரி: ஒவ்வொரு பதிவும் சரியாக 128 எழுத்து. இடையில் ஏதாவது ஒரு நிரல் வரியின் கடைசி வெற்றிடங்களை வெட்டிவிட்டால் எல்லாப் புலங்களும் இடம் மாறிவிடும்.

ஈஆர்பியில் நின்றிருந்தால், எஸ்ஏபி ஈஆர்பி வைத்திருப்பவர்கள் ஐடாக் (எஸ்ஏபிக்குள் மெசேஜ் இருக்கும் வடிவம்) நிலை எண்ணைப் பாருங்கள். 64 என்றால் மெசேஜ் நல்லபடியாக வந்து வரிசையில் காத்திருக்கிறது, அதை எடுத்துப் பதியும் ஆர்பிடிஏபிபி01 வேலை ஓடவில்லை. 51 என்றால் எடுத்துப் பார்த்தது, பதிய முடியவில்லை. 53 என்றால் பதிந்துவிட்டது, வேறு இடத்தில் தேடுங்கள்.

51-க்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் மாஸ்டர் டேட்டா, அதாவது பாக எண், வாடிக்கையாளர் எண் போன்ற அடிப்படைப் பதிவுகள். வாடிக்கையாளரின் பாக எண் புது மாற்றக் குறியீட்டோடு வந்திருக்கும், உங்களிடம் பழையதே இருக்கும். அல்லது புதிதாக ஒரு இறக்குமிடம் தொடங்கியிருப்பார்கள், அந்தக் குறியீட்டுக்கு எதிரே உங்கள் சிஸ்டத்தில் வாடிக்கையாளர் எண் இருக்காது. கால்-ஆஃப்கள் பதியப்படும் ஷெட்யூலிங் ஒப்பந்தத்தின் செல்லுபடி டிசம்பர் 31-ஓடு முடிந்திருப்பதும் உண்டு. ஆண்டின் முதல் வேலை நாள் காலையில் எல்லாமே 51 ஆக நின்றால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

இப்போது கவனம். காரணத்தைச் சரிசெய்தபின் நின்றுபோன எல்லா மெசேஜையும் ஒரே அமுக்கில் திரும்ப ஓடவிடாதீர்கள். ஒவ்வொரு கால்-ஆஃபும் முந்தையதை ரத்து செய்துவிட்டுத் தன்னை வைக்கும். காலை ஆறு மணி மெசேஜ் நின்று, எட்டு மணி மெசேஜ் பதிந்திருந்தால், ஆறு மணி மெசேஜை இப்போது ஓடவிடுவது பழைய தேவையைப் புதியதன் மேல் எழுதிவிடும். திரையில் எல்லாம் பச்சையாக இருக்கும், லாரியில் தப்பான சரக்கு போகும். அதனால் பாகம் வாரியாகக் கடைசி மெசேஜை மட்டும் பதிந்து, பழையவற்றைக் காரணம் எழுதி மூடுங்கள். ஒன்று மட்டும் விதிவிலக்கு: லைனில் வண்டிகள் வரும் அதே வரிசையில் பாகம் கேட்கும் வரிசை முறை கால்-ஆஃப்களில் ஒவ்வொரு மெசேஜும் தனி வண்டிகளுக்கானது. அவற்றில் ஒன்றைக்கூட மூடக் கூடாது, வரிசைப்படி எல்லாவற்றையும் பதிய வேண்டும்.

"அளவு தப்பா காட்டுது"

இந்த அறிகுறிக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். ஆலைகள் பலவும் "நாளைக்கு 600 அனுப்பு" என்று மட்டும் சொல்வதில்லை. ஆண்டின் தொடக்கத்திலிருந்து இதுவரை எத்தனை பெற்றோம், நாளைக்குள் மொத்தம் எத்தனை ஆகியிருக்க வேண்டும் என்று ஒரு தொடர் கூட்டுத்தொகையில் பேசுகின்றன. கியூம் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். காரின் ஓடோமீட்டர் மாதிரி அது ஏறிக்கொண்டே போகும். உங்கள் பக்கமும் ஒரு கியூம் ஓடுகிறது: இதுவரை அனுப்பியது. இரண்டுக்கும் நடுவில் சாலையில் ஓடும் லாரி இருக்கிறது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஆலையின் கால்-ஆஃப் சொல்கிறது: பெற்ற கியூம் 48,200, கடைசியாகப் பெற்ற டெலிவரி நோட் (சரக்கோடு போகும் அனுப்புச் சீட்டு) 7715. நீங்கள் அதன்பின் 7716-இல் 400, 7717-இல் 400 அனுப்பியிருக்கிறீர்கள். ஆக உங்கள் கியூம் 49,000. நாளைக்குள் தேவையான கியூம் 49,600. அனுப்ப வேண்டியது 600. மென்பொருள் 1,400 என்று காட்டினால்?

பிழையின் காரணத்தைப் பிழையின் அளவே சொல்லிவிடும். திரையில் காட்டுவதற்கும் சரியான அளவுக்கும் உள்ள வித்தியாசத்தை எடுங்கள்.

அது சாலையில் இருக்கும் சரக்குக்குச் சமமாக இருந்தால், மேலே உள்ள கணக்கில் போல 800 என்றால், மென்பொருள் தேவையான கியூமிலிருந்து உங்கள் கியூமுக்குப் பதில் ஆலையின் கியூமைக் கழிக்கிறது. வழியில் இருக்கும் லாரிகளைக் கணக்கில் சேர்க்கும் அமைப்பு அணைந்திருக்கிறது, அல்லது மெசேஜில் வந்த கடைசி டெலிவரி நோட் எண்ணை உங்கள் எண்ணோடு பொருத்த முடியவில்லை. முன்னால் இருக்கும் பூஜ்ஜியங்கள் போய்விட்டனவா என்று பாருங்கள், 0007715-உம் 7715-உம் நமக்கு ஒன்று, சிஸ்டத்துக்கு வேறு.

வித்தியாசம் எப்போதோ இறங்கிவிட்ட ஒரே ஒரு டெலிவரி நோட்டின் அளவுக்குச் சமம் என்றால் அந்த ஒரு ஏஎஸ்என் ஆலையில் பதியவில்லை, அல்லது இரண்டு முறை பதிந்துவிட்டது. உங்கள் கியூமைத் தொடாதீர்கள். அந்த டெலிவரி நோட்டின் பெறுதல் சான்றோடு ஆலையிடம் பேசி அவர்கள் பக்கம் திருத்தச் சொல்லுங்கள்.

வித்தியாசம் மிகப் பெரிதாக, ஏறத்தாழ ஒரு வருட சப்ளை அளவுக்கு இருந்தால், கியூம் பூஜ்ஜியமாகும் நாளில் தகராறு. ஆலை ஒரு நாளில் பூஜ்ஜியமாக்குகிறது, நீங்கள் இன்னொரு நாளில். பூஜ்ஜியமான நாளன்று சாலையில் இருந்த லாரி பழைய ஆண்டுக்கா புது ஆண்டுக்கா என்பதில் குழப்பம் இருந்தால், வித்தியாசம் அந்த லாரியின் அளவுக்குச் சுருங்கும். மாற்றத்துக்கு ஒரு வாரம் முன்பே எந்தத் தேதி, எந்த டெலிவரி நோட் கடைசி என்று இரு பக்கமும் எழுதி ஒப்புக்கொள்வதைத் தவிர இதற்குக் குறுக்குவழி இல்லை.

சின்னச் சின்ன எண்களாக, 3, 7, 12 என்று விலகினால் திருப்பி அனுப்பிய பழுதுப் பொருட்களைப் பாருங்கள். சில ஆலைகள் நிராகரித்ததைக் கியூமிலிருந்து கழிக்கும், சில கழிக்காது. ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதும் மென்பொருளில் டிக் செய்திருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும்.

விடிஏ 4905 வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. தேதி வர வேண்டிய இடத்தில் 333333 வந்தால் அது நிலுவை, 444444 வந்தால் உடனடித் தேவை. மொழிபெயர்ப்பு விதியில் இவை இல்லாவிட்டால் மென்பொருள் அந்த வரியையே தூக்கிப்போடும். அளவு குறைவாகக் காட்டி, ஆலை மட்டும் "நீங்கள் பாக்கி" என்று திரும்பத் திரும்பச் சொன்னால் இங்கே தேடுங்கள்.

"அதே ஆர்டர் இரண்டு முறை விழுந்திருக்கு"

இரண்டையும் பக்கத்தில் வைத்து, எடிஃபாக்ட் கோப்பின் தலைப்பான யுஎன்பி செக்மென்ட்டில் உள்ள கட்டுப்பாட்டு எண்ணைப் பாருங்கள். ஒரே எண் என்றால் கோப்பு திரும்ப அனுப்பப்பட்டது, உங்கள் கன்வர்ட்டரின் இரட்டைச் சோதனை வேலை செய்யவில்லை. எண் வேறு, உள்ளே ஆவண எண் ஒன்று என்றால் மெசேஜின் தொடக்கத்தில் வரும் பிஜிஎம் செக்மென்ட்டின் செயல் குறியீட்டைப் படியுங்கள். 9 என்றால் அசல், 5 என்றால் முந்தையதற்குப் பதிலானது, 1 என்றால் ரத்து. 5-ஐ 9 போலக் கையாளும் மென்பொருள் ஏற்கெனவே உள்ளதன் மேல் இன்னொன்றைக் கூட்டிவிடும். ரத்து மெசேஜை ஆர்டராகப் பதியும் அமைப்புகளும் உண்டு. புது வாடிக்கையாளரைச் சேர்க்கும்போது இந்த மூன்று குறியீட்டுக்கும் ஒவ்வொரு சோதனை மெசேஜ் கேட்டு வாங்கி ஓட்டிப் பார்ப்பது அவசியம்.

"நேரம் ஒரு மணி முன்னே பின்னே இருக்கு"

எடிஃபாக்ட் மெசேஜில் 203 என்னும் வடிவக் குறியீட்டோடு வரும் நேரத்துக்கு நேர மண்டலம் கிடையாது, வெறும் ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம். அது ஆலையின் உள்ளூர் நேரமா என்று கேட்டு உறுதிசெய்யுங்கள். கோடைக்கால நேரம் மாறும் நாடுகளில் ஆண்டுக்கு இரண்டு முறை இது தலைதூக்கும். வித்தியாசம் ஒரு மணி இல்லாமல் பயண நேரத்துக்குச் சமமாக இருந்தால் வேறு காரணம்: கோரிய நேரம் கிளம்ப வேண்டியதா, சேர வேண்டியதா என்பதை மாற்றிப் படித்திருக்கிறது. தேதி, நேரம் வரும் டிடிஎம் செக்மென்ட்டில் 10 என்றால் அனுப்பும் நேரம், 2 என்றால் சேரும் நேரம்.

"வரிசையில் ஒரு நம்பர் காணோம்"

வரிசைப்படி அனுப்பும் சீட், பம்பர் போன்றவற்றில் இதைவிட அவசரமான அறிகுறி இல்லை. பெயின்ட் முடிந்து பாடி அசெம்பிளிக்குள் நுழையும்போதோ அதையொட்டியோ சிக்னல் வருகிறது, உங்களுக்கு இருப்பது சில மணி நேரம்தான்.

இடைவெளியைத் தாண்டி அடுத்ததை ஏற்றாதீர்கள். யூகித்து ஏதோ ஒரு சீட்டை வைத்து நிரப்பவும் செய்யாதீர்கள். அந்த நம்பருக்கு முன்பு வரை ஏற்றி நிறுத்தி, ஆலைக்குப் போன் செய்யுங்கள். பாடி பழுதுபார்க்க வெளியே எடுக்கப்பட்டிருந்தால் இடைவெளி உண்மையானது, ரேக்கில் காலி இடம் விட வேண்டுமா கூடாதா என்று அவர்களே சொல்வார்கள்.

நம்பர் அனுப்பப்பட்டது என்று ஆலை சொன்னால், கோளாறு உங்கள் பக்கம். இரண்டு கோப்புகள் சில நொடி இடைவெளியில் வந்து, ஈஆர்பி அவற்றை இணையாகப் பதியும்போது இரண்டாவது முந்திக்கொள்வது வழக்கமான காரணம். முதல் கோப்பு இன்னும் பூட்டில் காத்திருக்கும். ஒரு லைனின் மெசேஜ்கள் ஒற்றை வரிசையில் மட்டுமே போகும்படி அமையுங்கள். வந்த நேரத்தை வைத்து வரிசைப்படுத்தும் மென்பொருள் என்றால் அதை ஆலையின் வரிசை எண்ணுக்கு மாற்ற வேண்டும். வரிசை எண் 9999-க்குப் பின் 0001-க்குத் திரும்பும் இடத்தையும் சோதியுங்கள், அங்கே 0001 பழையது என்று நினைத்து நிராகரிக்கும் நிரல்கள் இருக்கின்றன.

நம்பர்கள் எல்லாம் சரி, ஆனால் லைனில் தப்பான சீட் வருகிறது என்றால் ரேக்கைப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் திறந்த ரேக்கில் கடைசியாக ஏற்றியதுதான் முதலில் வெளியே வரும், அதனால் ஏற்றும் வரிசை தலைகீழாக அச்சாக வேண்டும். பிரிண்டர் சிக்கி மறு அச்சு எடுத்த இடங்களையும் தேடுங்கள். மறு அச்சு என்ற குறி இல்லாமல் இரண்டாவது அச்சுத் தாள் வந்தால், ஒரே வண்டிக்கு இரண்டு சீட் தயாராகி அதற்குப் பின்னால் உள்ளது எல்லாம் ஒன்று தள்ளிப்போகும். ஒவ்வொரு பாகத்தையும் ரேக்கின் எந்த அறையில் வைக்கிறோமோ அந்த அறையின் பார்கோடோடு சேர்த்து ஸ்கேன் செய்தால் இது லாரி ஏறும் முன்பே பிடிபடும். அந்த ஸ்கேனுக்கு ஆகும் சில நொடிகளைக் குறைக்கச் சொல்லி வரும் யோசனைகளை நான் ஏற்கவே மாட்டேன்.

"கேட்டில் லேபிள் படிக்கலை, லாரி நிக்குது"

பார்கோடை உங்கள் ஸ்கேனர் படிக்கிறதா என்று பாருங்கள். படித்தால் அச்சு சரி, எண்தான் ஆலைக்குத் தெரியவில்லை. அதாவது ஏஎஸ்என் லாரிக்கு முன் போய்ச் சேரவில்லை, அல்லது ஏஎஸ்என்னில் உள்ள பெட்டி எண்ணும் லேபிளில் உள்ளதும் வேறு. லேபிள் அச்சடித்தபின் பெட்டியை மாற்றிக் கட்டினால் இப்படி ஆகும். ஒற்றைப் பெட்டிக்கு 1ஜே, ஒரே பாகம் அடங்கிய முழுப் பேலட்டின் தலைமை லேபிளுக்கு 6ஜே, கலப்புப் பேலட்டுக்கு 5ஜே என்ற முன்குறியீடு சரியாக இருக்கிறதா என்றும் பாருங்கள். லேபிள் எண் தொடர் மறுபடி முதலிலிருந்து தொடங்கியிருந்தால், ஏற்கெனவே பயன்படுத்திய எண் என்று ஆலை மறுக்கும்.

"சிஸ்டமே இல்லை"

2022 மார்ச் 1 அன்று டொயோட்டா ஜப்பானில் 14 ஆலைகளில் 28 லைன்களை நிறுத்த நேர்ந்தது. அதன் சப்ளையர்களில் ஒன்றான கோஜிமா இண்டஸ்ட்ரீஸின் சிஸ்டம் சைபர் தாக்குதலில் முடங்கியதே காரணம். ஒரு சப்ளையரின் சர்வர் எவ்வளவு தூரம் எட்டும் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. ஆகவே கடைசியாகப் பதிந்த கால்-ஆஃப், திறந்திருக்கும் ஷெட்யூல், கடைசி டெலிவரி நோட் எண், இரு பக்க கியூம் ஆகியவை சர்வருக்கு வெளியே ஓர் இடத்தில் மணிக்கு ஒருமுறை சேமிக்கப்பட வேண்டும். கையால் எழுதும் டெலிவரி நோட்டுக்குத் தனி எண் தொடர் ஒதுக்கி, அதை ஆலையிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

சிஸ்டம் திரும்பியதும் உள்வரும் வரிசையை உடனே திறக்காதீர்கள். முதலில் கையால் அனுப்பிய டெலிவரிகள் எல்லாவற்றையும் பதியுங்கள். அவற்றின் ஏஎஸ்என்களை அனுப்புங்கள், ஏற்கெனவே இறக்கப்பட்டவற்றுக்கு அனுப்ப வேண்டாம் என்று ஆலை சொன்னால் விட்டுவிடுங்கள். உங்கள் கியூமைக் காகிதத்தோடு சரிபாருங்கள். அதற்குப் பிறகு, ஒரே ஒரு பாகத்துக்கு மட்டும் கடைசி கால்-ஆஃபைப் பதிந்து, ஷெட்யூலில் விழும் அளவு கையால் போட்ட கணக்கோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். ஒத்துப்போனால் மற்ற பாகங்களையும், கடைசியாக வரிசை முறை லைன்களையும் திறங்கள்.